லைக்கன் பாக்கெட்டை மியூசியம் ஏன் 200 வருஷமா பத்திரமா வச்சிருக்கு?

செட்டிநாட்டு சமையல்ல போடுற கல்பாசி எல்லாருக்கும் தெரியும், மளிகைக்கடையில சின்னப் பாக்கெட்ல கிடைக்கும், அது ஒரு லைக்கன். பெரும்பாலும் பார்மோட்ரீமா வகை, கூடவே அதோட சொந்தக்காரங்க ரெண்டு மூணு வகையும் கலந்து வரும். ஒரு துண்டை எடுத்து வெள்ளைத் தட்டுல வச்சு நல்ல வெளிச்சத்துல பாருங்க. மேல்பக்கம் சாம்பல் நிறத்துல சுருண்டு சுருண்டு இருக்கும், திருப்பிப் போட்டா அடிப்பக்கம் கன்னங்கரேல்னு இருக்கும், ஓரத்துல மட்டும் ஒரு பழுப்புப் பட்டை ஓடும், நடுவுல பொடிசு பொடிசா கருப்பு நார் நீட்டிட்டு இருக்கும், அதை வச்சுதான் அது மரப்பட்டையைப் பிடிச்சிட்டு இருந்துச்சு. சில துண்டுல அந்த நாரோட சேர்ந்து பட்டைத் துணுக்கே ஒட்டிட்டு வந்திருக்கும்.

இதே மாதிரி காய்ஞ்ச லைக்கனைத்தான் லண்டன், பாரிஸ், ஹெல்சிங்கி, லக்னோன்னு பல ஊர் மியூசியங்கள்லயும் ஹெர்பேரியங்கள்லயும் (காய வச்ச செடி, லைக்கனை எல்லாம் ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கிற இடம்) காகித உறைக்குள்ள போட்டு அலமாரி அலமாரியா வச்சிருக்காங்க. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல மட்டுமே லட்சக்கணக்குல இருக்கு. நம்ம சமையலறை பாக்கெட்டும் அந்த பாக்கெட்டும் உள்ள இருக்கிற பொருளைப் பொறுத்தவரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒண்ணு மசாலா, இன்னொண்ணு ஆதாரம். வித்தியாசம் எங்க இருக்குன்னா, கடை கல்பாசி எந்த மலையில, எந்த மரத்துல, எந்த வருஷம் உரிச்சதுன்னு யாருக்கும் தெரியாது. மியூசியத்துல இருக்கிறதுக்கு அந்த மூணும் தெரியும். இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்ற விஷயமே இதுதான், லைக்கன் ஸ்பெசிமன்ங்கிறது (ஆராய்ச்சிக்காக எடுத்து வச்ச மாதிரி) லைக்கனும் லேபிளும் சேர்ந்தது, அதுல ஒண்ணு போனா இன்னொண்ணுக்கு மதிப்பு கிடையாது.

முதல்ல லைக்கன்னா என்னன்னு பாத்துருவோம். பார்க்க செடி மாதிரி தெரிஞ்சாலும் செடி இல்ல, பாசியும் இல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் (இல்லன்னா பாசிக்குப் பதிலா சயனோபாக்டீரியாங்கிற, ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியாவும்) ஒண்ணா சேர்ந்து வாழுற கூட்டு உயிர் அது. உடம்புல பெரும்பகுதி பூஞ்சை, அதோட இழைகளுக்கு நடுவுல பாசி செல்லுங்க ஒரு மெல்லிய அடுக்கா உக்காந்து வெயில்ல சர்க்கரை தயார் பண்ணும், பூஞ்சை அதைச் சாப்பிட்டுட்டு தங்க இடமும் ஈரமும் குடுக்கும். உலகத்துல சுமார் 20,000 வகை லைக்கன் இருக்குன்னு கணக்கு. பாறையோட பாறையா ஒட்டிப்போய் பிரிக்கவே முடியாம இருக்கிறது ஒரு தினுசு, கல்பாசி மாதிரி இலை இலையா விரியுறது ஒரு தினுசு, கொடைக்கானல், ஊட்டி பக்கம் மரக்கிளையில தாடி மாதிரி தொங்குதே அஸ்னியா, அது இன்னொரு தினுசு.

இது ரெண்டு உயிரோட கூட்டுன்னு 1867ல சொன்னவர் ஷ்வெண்டெனர்ங்கிற ஸ்விஸ் தாவரவியல்காரர். அப்போ இருந்த பெரிய லைக்கன் நிபுணர்கள் இதை ஏத்துக்கவே இல்ல. பாரிஸ்ல இருந்த ஃபின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர் கடைசி வரைக்கும் எதிர்த்தார், இங்கிலாந்துல பாதிரியார் ஜேம்ஸ் கிராம்பி இதைக் கிண்டல் பண்ணியே எழுதினார். இந்த ரெண்டு பேரும் கீழ திரும்ப வருவாங்க, அதனால பேரை ஞாபகம் வச்சுக்கங்க. அவங்க கொள்கை தோத்துப் போச்சு, ஆனா அவங்க சேகரிச்ச ஸ்பெசிமனுங்க இன்னைக்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுது. சேகரிப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, சேகரிச்சவர் என்ன நம்பினார்ங்கிறதைப் பத்தி அந்த உறைக்கு கவலையே இல்ல.

சரி, பூவையோ மீனையோ விட லைக்கன் மியூசியத்துக்கு ஏன் இவ்வளவு தோதா இருக்குன்னா, அது உயிரோட இருக்கும்போதே காய்ஞ்சு போறதுக்குப் பழகினது. லைக்கனுக்கு வேர் கிடையாது, தண்ணியைச் சேத்து வைக்கிற ஏற்பாடும் கிடையாது, மழை வந்தா நனையும், வெயில் வந்தா முறுமுறுன்னு காஞ்சு செயல்பாட்டை நிறுத்திடும், திரும்ப ஈரம் பட்டா சில நிமிஷத்துல வேலையைத் தொடங்கிடும். 2005ல ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ரெண்டு வகை லைக்கனை ஒரு விண்கலத்துல வச்சு சுமார் ரெண்டு வாரம் வெட்டவெளி விண்வெளியில காட்டிட்டு கீழ கொண்டு வந்தாங்க, அதுங்க பிழைச்சு வந்து மறுபடி ஒளிச்சேர்க்கை பண்ணுச்சு. அப்படிப்பட்ட ஜீவனைக் காகித உறையில போடுறது ஒரு பெரிய சவாலே இல்ல. ஃபார்மலின் வேண்டாம், ஆல்கஹால் வேண்டாம், பாட்டில் வேண்டாம். காத்தாட காய வச்சா போதும். பூச்செடியை அழுத்தித் தட்டையாக்குற மாதிரி இதை அழுத்தவும் கூடாது, அழுத்தினா அதோட உருவமே போயிடும், கொஞ்சம் இலை வகைகளை மட்டும் லேசா ஈரப்படுத்தி மெதுவா விரிச்சு விடுவாங்க.

எடுக்கிற வேலைதான் கஷ்டம். மரத்துல இருந்தா கத்தியால மேல் பட்டையோட சேத்து மெலிசா சீவி எடுக்கணும், பாறையில ஒட்டினதா இருந்தா சுத்தியலும் உளியும் வேணும், லைக்கனை மட்டும் சுரண்டினா தூள்தான் மிஞ்சும், அதனால பாறைச் சில்லையே உடைச்சு எடுப்பாங்க, அப்படி ஒரு நாள் முழுக்க எடுத்துட்டு மலை இறங்குறவங்க பையில பாதி கல்லுதான் இருக்கும். பாறையில வளர்ற சில வகை வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் கூட வளராது, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற ஒண்ணு நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்து அங்க இருந்திருக்கலாம். அதனால ஒழுங்கா சேகரிக்கிறவங்க அங்க ஒரே ஒரு திட்டுதான் இருக்குன்னா அதைத் தொட மாட்டாங்க, படம் மட்டும் எடுத்துட்டு வந்துடுவாங்க.

எடுத்த அன்னைக்கே, அந்த இடத்துலயே, நோட்டுல எழுதிடணும். ஊர், மலை, உயரம், எந்த மரத்தோட பட்டை, எந்தப் பாறை, நிழலா வெயிலா, தேதி, எடுத்தவர் பேர், அவரோட வரிசை எண். ராத்திரி ரூமுக்குப் போய் எழுதிக்கலாம்னு விட்டா மறுநாள் எந்த உறை எந்த மரம்னு குழம்பிடும்.

இப்போ ஒரு பழைய பாக்கெட்டைப் பிரிச்சா என்னென்ன இருக்கும்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். காகிதத்தை மூணு மடிப்பா மடிச்சு ஓரத்தை உள்பக்கம் திருப்பின உறை, பசை இல்ல, ஸ்டேப்ளர் இல்ல. மேல் மடிப்புல லேபிள். திறந்தா உள்ள ஒரு சின்ன அட்டை, அதுல ஒட்டின பட்டைத் துண்டோ கல் சில்லோ, அது மேல லைக்கன். உறையோட அடி மடிப்புல கொஞ்சம் தூள் உதிர்ந்து கிடக்கும், அதை யாரும் தட்டி விட மாட்டாங்க, அந்தத் தூள்லயும் வித்துக்கள் (பூஞ்சையோட ஸ்போர்) இருக்கலாம், மைக்ரோஸ்கோப்புக்கு அது போதும். அப்புறம் முதல் லேபிளுக்குப் பக்கத்துல வேற வேற கையெழுத்துல குட்டிச் சீட்டுங்க. முதல் ஆள் ஒரு பேர் எழுதியிருப்பார், 50 வருஷம் கழிச்சு வந்த ஒருத்தர் "இது அது இல்ல, இது"ன்னு இன்னொரு பேர் எழுதித் தன் பேரும் வருஷமும் போட்டிருப்பார், அதுக்கப்புறம் வந்தவர் வேதியியல் சோதனை பண்ணி என்னென்ன அமிலம் இருக்குன்னு எழுதியிருப்பார். பழைய சீட்டை யாரும் கிழிச்சுப் போடக் கூடாது, தப்பா இருந்தாலும் அது உள்ளேயே இருக்கணும். ஒரே உறைக்குள்ள மூணு நாலு தலைமுறை ஆட்கள் பேசிட்டு இருக்கிறாங்க.

அந்த வேதியியல் சோதனையை ஆரம்பிச்சு வச்சவர் மேல சொன்ன நைலாண்டர்தான், 1866ல. லைக்கன்கள் வேற எந்த உயிர்லயும் அவ்வளவா பாக்க முடியாத அமிலங்களைத் தயார் பண்ணும். லைக்கன் மேல ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வச்சா சிலது மஞ்சளாகி அப்புறம் ரத்தச் சிவப்பாகும், மரத்துல ஆரஞ்சு நிறத்துல வளர்ற சாந்தோரியா பளிச்னு ஊதாவாகும், சிலது எதுவுமே ஆகாது. பிளீச்சிங் தண்ணி ஒரு சொட்டு வச்சா வேற சிலது சிவக்கும். பார்க்க அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு வகையை இந்த நிறத்தை வச்சுத்தான் பிரிப்பாங்க. நூறு வருஷம் காய்ஞ்ச துண்டுலயும் இந்த அமிலங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனாலதான் பழைய சேகரிப்பை இன்னைக்கும் சோதிக்க முடியுது. (ஸ்கூல் லேப்ல பாத்த லிட்மஸ் பேப்பரோட சாயமும் ரொசெல்லாங்கிற லைக்கன்ல இருந்து வந்ததுதான்.) 1930கள்ல ஜப்பான்ல யசுஹிகோ அசாஹினா இந்தச் சோதனைகளை இன்னும் நுணுக்கமாக்கினார், அப்புறம் 1970 வாக்குல அமெரிக்காவுல சிகீட்டா கல்பர்சன், அமிலங்களை மெல்லிய தகட்டு மேல ஓட விட்டுப் பிரிக்கிற முறையை எல்லாருக்கும் பொதுவா ஒரே அளவுல கொண்டு வந்தாங்க, இன்னைக்கு வரைக்கும் பல ஹெர்பேரியங்கள்ல அதைத்தான் பண்றாங்க.

அலமாரியில இருக்கிற நேரமே ஒரு சோதனையா மாறுற கதையும் இருக்கு. மலை உச்சிக் குளிர்ல வெள்ளை வெள்ளையா புழு மாதிரி வளர்ற தம்னோலியான்னு ஒரு லைக்கன், பறிக்கும்போது எல்லாம் சுண்ணாம்பு வெள்ளைதான். உறைக்குள்ள சில வருஷம் கிடந்ததும் சில ஸ்பெசிமன் மெதுவா இளஞ்சிவப்பு ஏறி நிறம் மாறும், மத்தது வெள்ளையாவே இருக்கும். காரணம், மாறுறதுல தம்னோலிக் அமிலம் இருக்கு, மாறாததுல வேற அமிலங்கள், அதை அல்ட்ரா வயலட் விளக்குல காட்டினா மினுங்கும். மலையில நின்னு பாத்தா தெரியாத வித்தியாசத்தை அலமாரி காட்டிக் குடுக்குது. அதே நேரத்துல எல்லா நிறமும் நிக்காதுங்கிறதும் தெரிஞ்சிருக்கணும், ஈரமா இருக்கும்போது கீரை மாதிரி பச்சையா இருக்கிற லோபேரியாங்கிற லைக்கன் ஹெர்பேரியத்துல மங்கின பழுப்பாத்தான் இருக்கும், அதனால நிறத்தை எடுக்கிற இடத்துலயே நோட்டுல எழுதி வைக்கிறது நல்லது.

அடுத்தது டைப் ஸ்பெசிமன். இது புதுசா படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் குழப்பும், ஆனா விஷயம் நேரானது. ஒரு புது இனத்துக்குப் பேர் வைக்கும்போது, "இந்தப் பேர் இந்தத் துண்டுக்கு"ன்னு ஒரு குறிப்பிட்ட ஸ்பெசிமனைக் காட்டணும். அந்தத் துண்டுதான் டைப். பின்னாடி யாருக்காவது சந்தேகம் வந்தா வர்ணனையை மட்டும் படிச்சா பத்தாது, அந்தத் துண்டோட ஒப்பிட்டுப் பாக்கணும். 1753ல ஸ்வீடன் தாவரவியல்காரர் லின்னேயஸ் உலகத்துல அவருக்குத் தெரிஞ்ச எல்லா லைக்கனையும் சேத்து சுமார் 80 இனத்தை ஒரே பேரினத்துக்குள்ள (நெருங்கின இனங்களோட தொகுப்பு) அடைச்சார், அவருக்கு இதுல பெரிய ஆர்வம் இருந்த மாதிரி தெரியல. அவர்கிட்ட கடைசியா படிச்ச மாணவர்கள்ல ஒருத்தரான எரிக் அகாரியஸ்தான் இதை ஒரு தனித் துறையாவே ஆக்கினார், இன்னைக்கு நாம பயன்படுத்துற பல கலைச்சொற்கள் அவர் உருவாக்கினது. அவரோட முக்கிய சேகரிப்பு ஹெல்சிங்கியில இருக்கு, மீதி லண்டன், உப்சாலான்னு சிதறிக் கிடக்கு. 1810ல அவர் எழுதின ஒரு பேர் எதைக் குறிக்குதுன்னு இப்போ தெரிஞ்சுக்கணும்னா அந்த உறையைத்தான் திறக்கணும், வேற வழி இல்ல.

ஒரே ஒரு உறை ஒரு இனத்தோட மொத்த சாட்சியா இருக்கிறதும் உண்டு. 1981ல ஈக்வடார் அமேசான் காட்டுல வவோரானி மக்கள் வாழுற பகுதியில ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு லைக்கனை எடுத்தாங்க, அந்த மக்கள் அதைச் சடங்குல பயன்படுத்தினதா சொன்னாங்க. அது 33 வருஷம் உறைக்குள்ளேயே இருந்துச்சு. 2014லதான் அதை ஆராய்ஞ்சு டிக்டியோனிமா ஹுவோரானின்னு புது இனமா பேர் வச்சாங்க, அந்தப் பேருக்கு ஆதாரமா இருந்தது அந்த ஒரே ஸ்பெசிமன்தான். அதே 2014ல இன்னொரு ஆய்வு, அமெரிக்கக் கண்டத்தோட வெப்பப் பகுதிகள்ல ரொம்ப காலமா ஒரே இனம்னு நினைச்சிட்டு இருந்த ஒரு லைக்கனை டிஎன்ஏ வச்சுப் பாத்தா அதுல 126 இனம் இருக்குன்னு காட்டுச்சு. அப்படின்னா ஒரே பேர் எழுதி அடுக்கி வச்ச பழைய உறைகளுக்குள்ள பேரில்லாத இனங்கள் எவ்வளவோ இருந்திருக்கு. பழைய ஸ்பெசிமன்ல இருந்து டிஎன்ஏ எடுக்கிறது சுலபமில்ல, அது துண்டு துண்டா உடைஞ்சிருக்கும், ஆனா இப்போ இருக்கிற தொழில்நுட்பத்துல நூறு வருஷத்துக்கு மேல பழசான உறைகள்ல இருந்தே எடுத்திருக்காங்க. அதுக்கு கொஞ்சூண்டு கிள்ளணும், கிள்ளினா கிள்ளினதுதான், திரும்ப வளராது, அதனால மியூசியங்கள் முறையா விண்ணப்பம் வாங்கி யோசிச்சுத்தான் அனுமதி குடுக்கும். இந்தக் கண்டிப்பு சரின்னுதான் எனக்குத் தோணுது.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற இடத்துக்கு வர்றேன், காத்து. லைக்கனுக்கு வேர் இல்லன்னு சொன்னேன்ல, அதுக்கு வேண்டிய சத்து எல்லாம் மழையிலயும் காத்துலயும் தூசியிலயும்தான் வரணும். செடி இலைக்கு மேல இருக்கிற மெழுகுப் பூச்சு இதுக்குக் கிடையாது, வேண்டாததை வடிகட்டவும் முடியாது, உதிர்ந்து விழ இலையும் இல்ல. அதனால காத்துல இருக்கிற கந்தகம், ஈயம், துத்தநாகம், கதிரியக்கப் பொருள் எல்லாமே அது உடம்புல ஏறி நிக்கும். 1986 செர்னோபில் விபத்துக்கப்புறம் ஸ்காண்டிநேவியாவுல கலைமான் இறைச்சியில கதிரியக்க சீசியம் ஏறினதுக்குக் காரணமே, குளிர்காலத்துல அந்த மான்கள் லைக்கனைத் தின்னு வாழுறதுதான்.

1866லேயே நைலாண்டர் இதைக் கவனிச்சிட்டார். பாரிஸ் நகரத்துக்குள்ள லக்ஸம்பர்க் தோட்டத்துல 30க்கு மேல லைக்கன் இனங்களைப் பட்டியல் போட்டார், நகரத்தோட மத்த இடங்கள்ல இல்லாதது இங்க மட்டும் ஏன் இருக்குன்னா இங்க காத்து நல்லா இருக்குன்னு எழுதினார், லைக்கனை வச்சே காத்தோட தரத்தை அளக்கலாம்னும் சொன்னார். 30 வருஷம் கழிச்சு 1896ல அந்தத் தோட்டத்துலயும் அது எல்லாம் போயிடுச்சுன்னு அவரே பதிவு பண்ணினார். லண்டனுக்கு வெளிய எப்பிங் காட்டைப் பத்தி கிராம்பி 1885ல இதே மாதிரி எழுதினார், அங்க லைக்கன் குறைஞ்சதுக்கு லண்டன் புகையையும் ஒரு காரணமா சொன்னார். இவங்க வெறுமனே எழுதியிருந்தா, "அவர் சரியாத்தான் பேர் கண்டுபிடிச்சாரா, வேற எதையாவது பாத்துட்டு சொன்னாரா"ன்னு இன்னைக்கு கேள்வி வரும். உறை இருக்கிறதால எடுத்துப் பாத்துடலாம்.

இதுல ஒரு விசித்திரமான லைக்கன் இருக்கு, லெகனோரா கோனிசியோய்டிஸ். மத்ததெல்லாம் நிலக்கரிப் புகையில செத்தப்போ இது மட்டும் கந்தக டையாக்ஸைடுல செழிச்சு வளர்ந்துச்சு, 20ஆம் நூற்றாண்டுல பிரிட்டனோட தொழில் நகரங்கள்ல மரத்துக்கு மரம் சாம்பல் பச்சையா அதுதான் அப்பியிருந்துச்சு. அவ்வளவு சாதாரணமான ஒண்ணு, பழைய சேகரிப்புகள்ல தேடினா சுமார் 1860களுக்கு முன்னாடி பிரிட்டன்ல எடுத்த ஸ்பெசிமனே காணோம். அகாரியஸ் காலத்துலயும் அதுக்கு முன்னாடியும் எவ்வளவோ பேர் மரம் மரமா தேடி எடுத்தவங்க, அவங்க யார் கண்ணுலயும் படல. அது புகையோட சேர்ந்து பரவினதுங்கிறதுக்கு இந்த இல்லாமையே ஒரு சாட்சி. 1952 லண்டன் பெரும்புகை, 1956 தூய காற்றுச் சட்டம், அப்புறம் நிலக்கரி குறைஞ்சது, இதுக்கெல்லாம் பின்னாடி கந்தகம் இறங்க இறங்க இந்த லைக்கனும் காணாமப் போக ஆரம்பிச்சு இப்போ பல இடத்துல தேடித்தான் கண்டுபிடிக்கணும், லண்டனுக்குள்ள மத்த லைக்கன்கள் திரும்ப வந்துட்டு இருக்கு. நடுவுல 1970ல ஹாக்ஸ்வொர்த், ரோஸ்னு ரெண்டு லைக்கன் ஆய்வாளர்கள் மரத்துல என்ன லைக்கன் இருக்குன்னு பாத்தே அந்த இடத்தோட கந்தக அளவை 10 மண்டலமா சொல்ற அட்டவணையை வெளியிட்டாங்க. நிலக்கரிப் புகை காலத்துக்கு முன்னாடி நல்ல காத்து எப்படி இருந்துச்சுன்னு காட்டுறதுக்கு உயிரோட எதுவும் மிச்சமில்ல, உறைகள்தான் இருந்துச்சு.

ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், பழைய துண்டுல இருக்கிற ஈயத்தோட ஐசோடோப் (ஒரே தனிமத்தோட வேற வேற எடையுள்ள வடிவங்கள்) விகிதத்தை அளந்து அது நிலக்கரியில இருந்து வந்ததா, பெட்ரோல்ல கலந்த ஈயமா, உலோகம் உருக்குற ஆலையில இருந்து வந்ததான்னு பிரிக்கப் பாக்குறாங்க. ஆனா இதுல ஜாக்கிரதை வேணும். முன்னாடி காலத்துல பூச்சி அரிக்காம இருக்க ஹெர்பேரிய ஸ்பெசிமன்கள்ல பாதரச உப்புக் கரைசல் பூசுற வழக்கம் இருந்துச்சு, அப்படிப் பூசின துண்டுல பாதரசம் அளந்தா அது காத்தோட கதை இல்ல, மியூசியத்தோட கதை. நிலக்கரி எரிச்ச ஒரு நகரத்து மியூசியத்துல பல பத்து வருஷம் சரியா மூடாம கிடந்த உறை மேல அந்த ரூமோட தூசியும் படிஞ்சிருக்கும். அதோட சேகரிச்சவங்க எல்லா இடத்துக்கும் சமமா போகல, ரோடு இருக்கிற இடம், பாதிரியார் வீட்டைச் சுத்தி, அழகான மலைன்னு போனாங்க, ஒரு இடத்துல ஸ்பெசிமன் இல்லங்கிறதுனால அங்க லைக்கன் இல்லன்னு சொல்லிட முடியாது. இப்போ பூச்சிக்கு விஷம் பூசுறதில்ல, உறைகளை மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரி குளிர்ல சில நாள் வச்சு எடுக்குறாங்க.

இந்த வேலையைச் செஞ்சவங்கள்ல ஆனி லோரெய்ன் ஸ்மித்தைப் பத்தி சொல்லாம விட எனக்கு மனசு வரல. லண்டன் மியூசியத்துல பல பத்து வருஷம் பூஞ்சை, லைக்கன் சேகரிப்புகள்ல உழைச்சவங்க, ஆனா பெண்களை நிரந்தர வேலையில வைக்காத காலம், அதனால முறையான ஊழியராவே இல்லாம ஒரு தனி நிதியில இருந்து சம்பளம் வாங்கிட்டு வேலை பாத்தாங்க. 1904ல லண்டன்ல இருக்கிற லின்னியன் சொசைட்டிங்கிற இயற்கை அறிவியல் சங்கம் முதல்முறையா பெண்களைச் சேத்துக்கிட்டப்போ அந்த முதல் வரிசையில இவங்களும் ஒருத்தர். 1921ல லைக்கன்களைப் பத்தி இவங்க எழுதின புத்தகம் பல வருஷம் அந்தத் துறைக்கே அடிப்படைப் பாடமா இருந்துச்சு. அந்த அலமாரிகள் ஒழுங்கா இருந்ததுக்கு இவங்களை மாதிரி ஆளுங்கதான் காரணம், மலையேறிச் சேகரிச்சவங்களுக்குக் கிடைச்ச பேர்ல பாதி கூட இவங்களுக்குக் கிடைக்கல.

நம்ம பக்கத்து மலைகளும் இந்த அலமாரிகள்ல ரொம்ப காலமா இருக்கு. பாண்டிச்சேரி தாவரவியல் தோட்டத்தோட தொடர்புள்ள பெரோட்டே 1830கள்ல நீலகிரியில சேகரிச்ச பூக்காத தாவரங்கள், பூஞ்சைகள், லைக்கன்கள் எல்லாம் பிரான்ஸுக்குப் போச்சு. அதை உக்காந்து ஆராய்ஞ்சவர் காமில் மொன்டாஞ், நெப்போலியன் காலத்து ராணுவ மருத்துவர், ஓய்வுக்கப்புறம் இந்தச் சின்ன உயிர்கள் மேல மொத்த வாழ்க்கையையும் செலவழிச்சவர். 1842ல அவர் அந்தப் பட்டியலை வெளியிட்டார், தலைப்புல நம்ம மலை "நீல்-கெரீஸ்"னு இருக்கும். லேபிள் தேடுறவங்களுக்கு இது பெரிய தலைவலி, நீலகிரின்னு தேடினா ஒண்ணும் வராது, பழைய பிரெஞ்சு எழுத்துக்கூட்டு, ஊட்டகமண்ட்னு பல தினுசா தேடணும். மொன்டாஞ் சேகரிப்பு பாரிஸ் மியூசியத்துல இருக்கு. இலங்கையில பேராதனைத் தோட்டத்தை நடத்தின த்வெய்ட்ஸ் சேகரிச்ச லைக்கன்களை லெய்டன்ங்கிறவர் 1869 வாக்குல இங்கிலாந்துல பட்டியல் போட்டார். இப்படி 19ஆம் நூற்றாண்டுல எடுத்த டைப்புங்க பெரும்பாலும் ஐரோப்பாவுலதான் இருக்கு, நம்ம ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு நீலகிரி இனத்தை உறுதிப்படுத்த பாரிஸ் உறை தேவைப்படுது, இது நியாயமில்லாத நிலைமைதான். அதை மாத்தினதுல பெரிய பங்கு லக்னோவில இருந்த பேராசிரியர் டி. டி. அவஸ்திக்கு உண்டு, இமயமலையில இருந்து தெற்கு மலைகள் வரைக்கும் சேகரிச்சு, மாணவர்களை உருவாக்கி, இந்தியாவுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பாக்கிற அளவுக்கு ஒரு சேகரிப்பைக் கட்டினார். அது இப்போ லக்னோ தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கு, லைக்கனுக்கு நாட்டுலயே பெரிய ஹெர்பேரியம் அதுதான். புனேவுல அகர்கர் நிறுவனத்துலயும் நல்ல சேகரிப்பு இருக்கு.

இப்போ பல மியூசியங்கள் உறையையும் லேபிளையும் படம் பிடிச்சு இணையத்துல போடுறாங்க, ஜிபிஐஎஃப் தளத்துல இனத்தோட பேரையும் ஊரையும் குடுத்தா எந்த மியூசியத்துல எந்த வருஷத்து ஸ்பெசிமன் இருக்குன்னு இலவசமா பாக்கலாம். கையெழுத்தைப் படிச்சு டைப் பண்ற வேலைதான் மெதுவா போகுது, அது பாதிக்கு மேல மனுஷங்க உக்காந்து பண்ண வேண்டியது. நீங்க கொடைக்கானலோ வால்பாறையோ போனா லைக்கனை உரிச்சுட்டு வராதீங்க, வனப்பகுதியில அனுமதி இல்லாம எடுக்கக் கூடாது. கிட்டப் போய் ரெண்டு மூணு படம் எடுங்க, ஒண்ணு முழு மரம், ஒண்ணு பட்டையோட சேத்து, ஒண்ணு விளிம்பு தெரியுற மாதிரி, கூட ஒரு நாணயமோ ஸ்கேலோ வச்சு. மரத்தோட பேர் தெரிஞ்சா எழுதுங்க, தேதியும் இடமும் கட்டாயம் எழுதுங்க, பாத்த உயிர்களைப் படத்தோட பதிவு பண்ற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல போடுங்க. படத்தை வச்சுப் பேரினம் வரைக்கும் பெரும்பாலும் சொல்லிடலாம், அதுக்கு மேல போகணும்னா அடிப்பக்கத்து நார், வித்தோட அளவு, ஒரு சொட்டு ரசாயனத்துக்கு என்ன நிறம் வருதுங்கிறதெல்லாம் வேணும், அதுக்கு அந்த மலையில இருந்து முறையா எடுத்து லேபிள் எழுதி வச்ச ஒரு உறை எங்கயாவது இருந்தாகணும்.